சைகைமொழிக் காணொளிப் பகுப்பாய்வு மென்பொருள்: தில்லித் தரவுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பேச்சுமொழியை ஆராய்வோர் தம் தரவை எழுத்தில் பெயர்த்துக்கொண்டு, அவ்வெழுத்தையே மொழியாகக் கொண்டு ஆராயும் வசதி பெற்றவர்கள். சைகைமொழியை ஆராய்வோருக்கு அவ்வசதி இல்லை. இந்தியச் சைகைமொழிக்கு, அதனைத் தாய்மொழியாகவோ முதன்மொழியாகவோ கொண்டோரிடையே பொதுவழக்கில் நிலைபெற்ற எழுத்துமுறை எதுவும் கிடையாது. எனவே காணொளியே அம்மொழியின் ஏடாகவும் சான்றாகவும் அமைகிறது. காணொளியைப் பகுத்து, குறிப்பு எழுதி, தேடுவதற்கு உரியதாக ஆக்கும் மென்பொருளே இன்று அம்மொழியின் இலக்கணத்தையும் அகராதியையும் மொழிபெயர்ப்பையும் வடிவமைக்கும் கருவியாக விளங்குகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் செவிப்புலக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எனப் பதிவு செய்தது. அவர்களுள் சைகைமொழி பயன்படுத்துவோர் அனைவருக்கும் பாடநூல், நீதிமன்றம், மருத்துவமனை ஆகியவற்றின் வாயில்கள் மொழிபெயர்ப்பின் வழியாகவே திறக்கப்பட வேண்டும். அம்மொழிபெயர்ப்பை எதிர்காலத்தில் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் வேகம் பெற்றுள்ளன. இந்நிலையில், இம்மென்பொருள்கள் சைகைமொழியை எவ்வாறு காண்கின்றன என்னும் வினா பொறியியலாருக்கு மட்டும் உரியதன்று. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எழுப்ப வேண்டிய வினாவாகும். தில்லியை மையமாகக் கொண்டு நடைபெற்ற பணிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கருவியின் அமைப்பு

சைகைமொழி ஆய்வாளரிடையே உலகளவில் பெருவழக்காக உள்ள மென்பொருள் ஈலான் என்பதாகும். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கி, கட்டணமின்றி வழங்கிவரும் கருவி இது. இதன் அமைப்பு எளியது. திரையின் ஒரு பகுதியில் காணொளி ஓடும். அதன்கீழ் காலக்கோடு ஒன்று நீளும். அக்கோட்டுக்கு இணையாக ஆய்வாளர் வேண்டும் அளவு அடுக்குகளை அமைத்துக்கொள்ளலாம். வலக்கைக்கு ஓர் அடுக்கு, இடக்கைக்கு ஓர் அடுக்கு, புருவத்துக்கு ஒன்று, தலையசைவுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று எனப் பிரிக்கலாம். ஒவ்வோர் அடுக்கிலும் காலத் தொடக்கமும் முடிவும் குறித்துக் குறிப்பு எழுதலாம். ஓர் அடுக்கை மற்றோர் அடுக்குக்குக் கீழ்ப்பட்டதாக அமைக்கவும், எழுதத்தக்க சொற்களை முன்னரே பட்டியலிட்டு வரையறுக்கவும் இயலும்.

இக்கருவியின் சிறப்பு, உடனிகழ்ச்சியைப் பதிவு செய்வதில் உள்ளது. பேச்சில் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சைகையில் இரு கைகளும் கண்ணும் புருவமும் தலையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இலக்கணப் பணிகளை ஆற்றுகின்றன. ஒரே வரியில் எழுதிச்செல்லும் பழைய முறையால் இதனைக் காட்ட இயலாது. அடுக்குமுறை அக்குறையைப் போக்கியது என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. ஈலான் தனக்கென மொழிக்கொள்கை எதனையும் உடையதன்று. எந்த அடுக்கு வேண்டும், எதனை எழுத வேண்டும், எதனை விட்டுவிடலாம் என்பனவற்றை முடிவு செய்பவர் ஆய்வாளரே. வெற்றுத்தாளைப் போலக் கருவி இடம் தருகிறது. ஆனால் அத்தாளில் முதன்முதலாக எழுதப்படும் அடுக்கு எதுவோ அதுவே பின்வரும் தேடல், எண்ணிக்கை, பயிற்சித் தரவு ஆகிய அனைத்துக்கும் அடித்தளமாகிவிடுகிறது. நடைமுறையில் அம்முதல் அடுக்கு பெரும்பாலும் ‘கிளாஸ்’ என மொழியியலார் வழங்கும் பொருட்குறியாக உள்ளது. சிக்கல் இங்குத் தொடங்குகிறது.

3. பொருட்குறியும் அது மறைப்பனவும்

ஒரு சைகைக்கு நேராக ஆங்கிலச் சொல் ஒன்றைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது பொருட்குறி முறையாகும். அது நினைவுக்குறிப்பாகப் பயன்படும்வரை தீங்கில்லை. அதுவே சைகையின் பெயராகவும் பொருளாகவும் இலக்கண வகையாகவும் கொள்ளப்படும்போது, சைகைமொழியின் அமைப்பு மறைந்து ஆங்கிலத்தின் அமைப்பு அதன்மேல் ஏற்றப்படுகிறது. இரு எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம்.

முதலாவது வினா. கராச்சியிலும் புது தில்லியிலும் கள ஆய்வு செய்து உல்ரிக் சேஷான் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கண விளக்கம், இந்தோ-பாகிஸ்தானியச் சைகைமொழியில் பொதுவினாச் சைகை ஒன்றே அடிப்படையாக இருப்பதைக் காட்டியது. அது தொடரின் இறுதியில் வரும். முகத்தைக் குறிக்கும் சைகையோடு அது சேர்ந்தால் ‘யார்’ என்றும், இடத்தைக் குறிக்கும் சைகையோடு சேர்ந்தால் ‘எங்கு’ என்றும், எண்ணைக் குறிக்கும் சைகையோடு சேர்ந்தால் ‘எத்தனை’ என்றும் பொருள் தரும். ஆங்கிலப் பொருட்குறி எழுதுவோர் இக்கூட்டுகளுக்கு ‘ஹூ’, ‘வேர்’ எனத் தனித்தனிச் சொற்களை எழுதும்போது, ஒரே வினாவுறுப்பு எல்லாவற்றிலும் நிற்பது தரவிலிருந்தே அழிந்துபோகிறது. பின்னர் எத்துணை நுட்பமான தேடலை மேற்கொண்டாலும் அவ்வுறுப்பு அகப்படாது. தமிழ் இலக்கணம் கற்றவர் இவ்வமைப்பை உடனே அடையாளம் காண்பர். ‘எவ்விடம்’ என்பதை ‘எ’ என்னும் வினாவெழுத்தும் ‘இடம்’ என்னும் பெயரும் சேர்ந்ததாகப் பகுத்துப் பழகியவர்கள் நாம். அங்கு வினா முன்னிற்கிறது, சைகைமொழியில் பின்னிற்கிறது.

இவ்வாறாயின் ஆங்கிலத்துக்கு மாற்றாகத் தமிழில் பொருட்குறி எழுதிவிட்டால் சிக்கல் தீருமா எனில், தீராது. இரண்டாவது எடுத்துக்காட்டு அதனைத் தெளிவாக்கும். கொடுத்தலைக் குறிக்கும் சைகை, கொடுப்பவர் இருக்கும் திசையில் தொடங்கிப் பெறுபவர் இருக்கும் திசையில் முடியும். ‘நான் உனக்கு’ என்பதும் ‘நீ எனக்கு’ என்பதும் அசைவின் திசையாலேயே வேறுபடும். ஆங்கிலப் பொருட்குறி இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதித் திசையை விட்டுவிடுகிறது. தமிழ்ப் பொருட்குறியோ வேறுவகையில் பிழைபடும். தரவும் வரவும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்தார். அம்மரபில் ஊறிய குறிப்பாளர் தன்னை நோக்கி வரும் அசைவுக்குத் ‘தா’ என்றும், பிறர்பால் செல்லும் அசைவுக்குக் ‘கொடு’ என்றும் எழுதக்கூடும். அப்போது திசைக்கேற்பத் திரியும் ஒரே வினை, இருவேறு வினைகளாகப் பிளவுபட்டுவிடும். ஆங்கிலம் வேறுபாட்டை மறைக்கிறது. தமிழ் ஒருமையைச் சிதைக்கிறது. எம்மொழியில் எழுதினாலும் பொருட்குறி மொழிபெயர்ப்பே என்பது இதனால் பெறப்படும்.

கை சாராத கூறுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆம்-இல்லை வினாவைச் செய்தித் தொடரிலிருந்து பிரித்துக்காட்டும் பொறுப்பு முகத்துக்கும் தலைக்கும் உரியது. கைகள் அப்படியே இருக்கலாம். கையடுக்கை மட்டும் நிரப்பிய தரவில் ‘வந்தான்’ என்பதும் ‘வந்தானா’ என்பதும் ஒன்றாகிவிடும். மெய்ப்பாட்டுக்கென்று தனி இயல் வகுத்த மரபினர்க்கு முகம் பொருளுணர்த்தும் என்பது புதிய செய்தியன்று. ஆயினும் ஈண்டு நாம் காண்பது உணர்ச்சி வெளிப்பாடாகிய மெய்ப்பாட்டை அன்று. தொடரின் இலக்கண உறுப்பாக நிற்கும் முகக்குறியை. இவ்விரண்டையும் பிரித்தறியும் பணி குறிப்பாளருடையது. மென்பொருள் அதற்குத் துணைசெய்யலாம், தானே செய்துவிடாது.

4. அகராதியின் திசை

பொருட்குறியின் ஆட்சி அகராதியிலும் தொடர்கிறது. தில்லியில் இப்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சொற்களில் சுமார் 75 விழுக்காடு தம்முள் தொடர்புடையவை என்று காட்டியது. தொடர்ந்து 1980இல் தில்லி வழக்கை மையமாகக் கொண்ட அறிமுக நூல் வெளிவந்தது. வசிஷ்டா இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர் என்பதும், தில்லியில் தாம் வாழ்ந்த வாழ்வைத் தனிநூலாக எழுதியவர் என்பதும் குறிப்பிடத்தக்கன. மொழிக்கு உரியவரே ஆய்வாளராகவும் நின்ற தொடக்கம் அது.

2015ஆம் ஆண்டில் தில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அம்மையம் 2018இல் 3,000 சொற்களும், 2019இல் 6,000 சொற்களும், 2021இல் 10,000 சொற்களும் கொண்ட அகராதிப் பதிப்புகளைக் காணொளி வடிவில் வெளியிட்டது. அன்றாட வழக்குடன் சட்டம், மருத்துவம், கல்வி, வேளாண்மை, தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் சொற்களும் வட்டார வழக்குகளும் இதில் இடம்பெற்றன. காதுகேளாதோரின் மொழிக்கு அரசு நிறுவனம் ஒன்று இத்துணை விரிவாகச் சொற்களஞ்சியம் தொகுத்தது இந்திய மொழி வரலாற்றில் ஒரு பெருநிகழ்வு. அதன் பெருமையை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் அகராதியின் திசையைப் பற்றி ஒரு வினா எழுகிறது. 2022 செப்டம்பரில் இவ்வகராதி கைபேசிச் செயலியாக வெளியிடப்பட்டபோது, சொற்களை இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ தேடலாம் என அறிவிக்கப்பட்டது. அதாவது வாயில் பேச்சுமொழியின் பக்கத்தில் அமைந்தது. சொல் தெரிந்தவர் சைகையைக் காணலாம். ஒரு சைகையைப் பார்த்துவிட்டு அதன் பொருளறிய விரும்பும் மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு உட்புகுவது? பள்ளிக்கு முதன்முறை வரும் காதுகேளாத குழந்தைக்குத் தெரிந்தது சைகை, தெரியாதது சொல். அக்குழந்தைக்கு இவ்வகராதி பூட்டிய வீடாகவே நிற்கும்.

சைகையின் வடிவத்தைக் கொண்டு தேடும் முறை புதியதும் அன்று, அரியதும் அன்று. வில்லியம் ஸ்டோக்கியும் அவர்தம் உடனாய்வாளரும் 1965இல் அச்சிட்ட அமெரிக்கச் சைகைமொழி அகராதி ஆங்கில அகர வரிசையைக் கைவிட்டு, சைகை நிகழும் இடம், கைவடிவம், அசைவு ஆகியவற்றின் வரிசையில் அமைந்தது. ஆஸ்திரேலியச் சைகைமொழியின் இணைய அகராதியிலும் கைவடிவத்தையும் இடத்தையும் கொண்டு தேடலாம். அச்சுத்தாளில் இயன்ற ஒன்று மின்னகராதியில் இயலாதது அன்று. வேண்டுவது, ஒவ்வொரு காணொளிக்கும் வடிவக் குறிப்பை எழுதிவைக்கும் உழைப்பே.

5. தரவின் தோற்றுவாய்

தானியங்கி மொழிபெயர்ப்புக்குப் பெருந்தொகையான இணைத்தரவு வேண்டும். இந்தியச் சைகைமொழிக்கு அத்தகைய தொகுப்புகள் அண்மைக் காலத்தில் உருவாகியுள்ளன. அவை எங்கிருந்து பிறந்தன என்பதை மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து நோக்க வேண்டும்.

2020 அக்டோபரில் தில்லி மையமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பள்ளிப் பாடநூல்களைச் சைகைமொழிக்குப் பெயர்க்கும் பணி தொடங்கியது. காதுகேளாத மாணவர்க்கு இது பெரும்பயன் விளைத்த செயல். மையம் வெளியிட்ட கல்விக் காணொளிகளை அடிப்படையாகக் கொண்டு, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2023இல் ஏறத்தாழ 31,000 சைகை-ஆங்கில இணைகளைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டனர். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பில், பேச்சுமொழித் தொடர்கள் நூற்றினை எழுவர் சைகையில் காட்டிய 700 காணொளிகள் உள்ளன.

இவ்விரு தொகுப்புகளிலும் மூலம் எது, பெயர்ப்பு எது? பாடநூலிலோ ஆய்வாளர் பட்டியலிலோ முதலில் எழுதப்பட்டது பேச்சுமொழித் தொடர். அதன் பெயர்ப்பாகவே சைகை பிறந்தது. பின்னர் அந்த இணை திசை திருப்பப்பட்டு, சைகையை மூலமாகவும் ஆங்கிலத்தை இலக்காகவும் கொள்ளும் பயிற்சிக்குப் பயன்படுகிறது. பெயர்ப்பிலிருந்து மூலத்தை மீட்டெடுக்கும் பயிற்சியைத்தான் கணிப்பொறி பெறுகிறது.

இதன் விளைவை நம் மொழியிலிருந்தே உய்த்துணரலாம். ஆங்கில அரசாணைகளின் தமிழாக்கங்களை மட்டும் திரட்டி வைத்துக்கொண்டு ஒருவர் தமிழ்த்தொடரியல் எழுதினால் என்னாகும்? செயப்பாட்டு வினை தமிழின் இயல்பான நடை என்றும், நீண்ட பெயரெச்ச அடுக்குகளே தமிழரின் பேச்சு என்றும் அவர் முடிவு கட்டுவார். அவர் காட்டும் சான்றுகள் பொய்யாகா, தமிழ்ச்சொற்களால் ஆனவையே. ஆயினும் திண்ணைப் பேச்சையோ சந்தையில் நடக்கும் வாக்குவாதத்தையோ அவ்விலக்கணத்தால் விளக்க இயலாது. பாடநூல் சைகையில் பயிற்சி பெற்ற மென்பொருள், தில்லியின் சாலையோரக் கடையில் இரு காதுகேளாத நண்பர்கள் கதை பேசிக்கொள்ளும்போது அதே நிலையை அடையும். கதைமாந்தராக மாறி நின்று பேசுதல், பொருள்களின் உருவையும் இயக்கத்தையும் கைவடிவத்தால் வரைந்து காட்டுதல், வெளியில் ஓரிடத்தை ஒருவருக்கென ஒதுக்கிப் பின்னர் அவ்விடத்தைச் சுட்டுதல் போன்றவை உரையாடலில் செழித்து வழங்குவன. பாடநூல் வரிகளைப் பின்தொடரும் பெயர்ப்பில் இவை தம் இயல்பான அளவில் வருமென எதிர்பார்க்க இயலாது.

இதனால் அத்தொகுப்புகள் பயனற்றவை என்பது கருத்தன்று. அவை மொழிபெயர்ப்புச் சைகையின் தொகுப்புகள். அப்பெயராலேயே அவை வழங்கப்பட வேண்டும் என்பதே கருத்து.

6. வெற்றி வீதத்தின் பொருள்

இனித் தானியங்கிக் கண்டறிதலுக்கு வருவோம். இன்றைய முறைகளில் பல, காணொளியின் ஒவ்வொரு சட்டகத்திலும் உடலின் குறிப்பிட்ட புள்ளிகளைக் கண்டு, அவற்றின் இயக்கத்தைக் கணக்கிடுகின்றன. கூகுள் நிறுவனத்தின் மீடியாபைப் என்னும் கருவி உடலுக்கு 33, முகத்துக்கு 468, ஒவ்வொரு கைக்கும் 21 என 543 புள்ளிகளைத் தரவல்லது. முகப்புள்ளிகளை நீக்கிவிட்டால் கணிப்புச்சுமை பெரிதும் குறையும். ஆனால் மூன்றாம் பகுதியில் கண்டவாறு, வினாவைத் தாங்கும் உறுப்பும் அவற்றோடு நீங்கிவிடும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ‘இன்க்ளூட்’ தொகுப்பு 263 சொற்சைகைகளுக்கு 4,287 காணொளிகளைக் கொண்டது. அத்தொகுப்பில் தங்கள் முறை 85.6 விழுக்காடு சரியாக இயங்கியதாக அவர்கள் அறிவித்தனர். நேர்மையான, பிறர் சரிபார்க்கத்தக்க பணி இது. எனினும் இவ்வெண்ணைப் படிப்பவர் அதன் வரம்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியே பிரித்துக் காட்டப்பட்ட சைகை எது என்று 263 விடைகளுள் ஒன்றைத் தேர்வதே அங்குத் தேர்வு. தொடரில் ஒரு சைகை அடுத்ததன் வடிவத்தை ஏற்றுத் திரிவதும், இரு கைகள் இரு செய்திகளைத் தாங்குவதும் அத்தேர்வுக்கு வெளியே உள்ளன. புணர்ச்சி விதிகளை அறியாமல் தனிச்சொற்களை மட்டும் கற்ற ஒருவர் தமிழ்ச்செய்யுளைப் படிக்கப் புகுந்தால் நேர்வதே இங்கும் நேரும்.

வட்டார வேறுபாடும் உண்டு. 1978ஆம் ஆண்டு ஆய்வு கண்ட 75 விழுக்காடு ஒற்றுமை, மறுபுறம் நால்வகையில் ஒரு பங்கு வேற்றுமையும் ஆகும். சைகை செய்பவரின் ஊர், பயின்ற பள்ளி, வயது ஆகியவை பதிவு செய்யப்படாத தரவில், வட்டார வழக்கு ஒன்று ‘பிழை’யாக எண்ணப்படும் வாய்ப்பு மிகுதி. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நாடெங்கும் இந்தியச் சைகைமொழியைத் தரப்படுத்த வேண்டும் எனக் கூறியபின், இவ்வாய்ப்பு கவலைக்குரியதாகிறது. எது தரம் என்பதை மக்கள் வழக்கு முடிவு செய்யாமல், எந்த ஊரார் முதலில் படம்பிடிக்கப்பட்டனர் என்னும் தற்செயல் முடிவு செய்துவிடக்கூடும்.

7. எழுத்து, சொல், பொருள்

தமிழ் இலக்கண மரபு எழுத்து, சொல், பொருள் என்னும் வரிசையைக் கொண்டது. தொல்காப்பியர் பிறப்பியலில் நாவும் இதழும் அண்ணமும் எவ்வாறு பொருந்தி ஒலி பிறக்கிறது என்பதை, அவ்வொலி எப்பொருளைத் தரும் என்னும் கேள்விக்கு முன்பாகவே விளக்கிவிடுகிறார். சைகைமொழிக் குறிப்பீட்டுக்கும் இவ்வரிசையே பொருந்தும். கைவடிவம், உள்ளங்கை நோக்கு, இடம், அசைவு, முகக்குறி ஆகியவை சைகையின் எழுத்துகள். இவற்றை எழுதுவதற்கு ஸ்டோக்கியின் குறியீடும், ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான குறியீட்டு முறையும் முன்னரே உள்ளன. இன்றைய நடைமுறை எழுத்தைத் தாண்டிப் பொருளுக்குத் தாவுகிறது. அப்பொருளையும் பிறமொழிச் சொல்லால் எழுதுகிறது.

வடிவக் குறிப்பு காலம் மிகுதியாகக் கேட்பது உண்மை. ஒரு நிமிடக் காணொளிக்குப் பல மணிநேர உழைப்பு வேண்டியிருக்கும். அதனைக் காரணங்காட்டி எல்லாவற்றையும் ஒதுக்குதல் தகாது. ஆஸ்திரேலியத் தரவகத்தை உருவாக்கிய டிரெவர் ஜான்ஸ்டன் நடுவழி ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு சைகைக்கும் மாறாத அடையாளப்பெயர் ஒன்றை அளித்து, அதனைப் பொருளாகக் கொள்ளாமல் முகவரியாக மட்டும் கொள்வது அவர் முறை. அம்முகவரி வடிவக்குறிப்புடைய அகராதிப் பதிவோடு இணைக்கப்படும். சூழலில் அது தரும் பொருள் வேறோர் அடுக்கில் எழுதப்படும். வரையறுத்த சொற்பட்டியலை வெளியிலிருந்து இணைக்கும் வசதி ஈலானில் இருப்பதால் இம்முறையைத் தில்லித் தரவுகளுக்குக் கைக்கொள்வதில் தொழில்நுட்பத் தடை இல்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன பின்வருமாறு:

அ) ஈலான் போன்ற மென்பொருள்கள் சைகைமொழியின் உடனிகழ்ச்சி அமைப்பைக் காட்டவல்லன. குறை கருவியில் இல்லை. பொருட்குறியை முதல் அடுக்காகக் கொள்ளும் வழக்கத்தில் உள்ளது.

ஆ) அகராதி, சொல்லிலிருந்து சைகைக்குச் செல்வதோடு, சைகையின் வடிவத்திலிருந்து சொல்லுக்கும் வழி தருதல் வேண்டும். தில்லி மையம் தொகுத்த 10,000 சொற்களுக்கு வடிவக்குறிப்பு எழுதப்பட்டால் அது நாட்டின் சைகைமொழி ஆய்வுக்கே அடித்தளமாகும்.

இ) மொழிபெயர்ப்பாகப் பிறந்த சைகையும் இயல்பான உரையாடலில் பிறந்த சைகையும் தரவகங்களில் வேறுபடுத்திக் காட்டப்பட வேண்டும். பின்னதைத் தொகுக்கும் பணிக்கு முதலிடம் தரல் வேண்டும்.

ஈ) சைகை செய்பவரின் வட்டாரம், பள்ளி, வயது ஆகியவை அவர்தம் இசைவோடு பதிவு செய்யப்பட வேண்டும். முகம் மறைக்க இயலாத மொழி இது என்பதால், இசைவு என்பது ஒருமுறை பெறும் கையெழுத்தோடு முடிந்துவிடலாகாது.

உ) எது ஒரு சைகை, எது இரண்டு, எது வட்டார வழக்கு, எது பிழை என்பனவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அம்மொழியை முதன்மொழியாகக் கொண்ட காதுகேளாதோருக்கே உரியது. அவர்களைக் காணொளியில் தோன்றுவோராக மட்டும் வைத்து, செவியுடையோரைக் குறிப்பாளராக அமர்த்தும் முறை மாற வேண்டும்.

இவை நிறைவேறாமல் மென்பொருளின் வேகம் மட்டும் பெருகுமாயின், காதுகேளாதவர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னதை இயந்திரம் நல்ல ஆங்கிலத்தில் தரும். அவர் சொன்னது அதுதானா என்று சரிபார்க்க நம்மிடம் சான்று இராது. அச்சான்றை உருவாக்கும் பணி, இயந்திரத்துக்குமுன் மொழியியலாரையும் மொழிபெயர்ப்பாளரையும் சார்ந்தது.